ஏமாற்றாத தோட்டா

கௌஸ் முகம்மதுவின் வாயில் 'முடியாது' என்ற சொல் வராது. கீழக்கரையிலிருந்து துபாய்க்கு வந்த நாளிலிருந்தே அப்படித்தான். தேராவில் ஏலக்காயும் மிளகும் மொத்தமாக விற்கிற ஆபீசில் அவன் பெயருக்கு மேனேஜர். உள்ளபடிக்கு, அரபி முதலாளி, அர்பாப் ஹுமைத், விரல் நீட்டிய திசையில் ஓடுகிறவன். அர்பாப்தான் அவனுக்குக் கஃபீல். விசா அவர் பெயரில், பாஸ்போர்ட் அவர் அலமாரியில். ஒட்டகத்துக்குத் தவிடு வேண்டுமா, கௌஸைக் கூப்பிடு. மகள் கல்யாணத்துக்கு மதுரை மல்லிகைப்பூ வேண்டுமா, கௌஸைக் கூப்பிடு. இப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒருநாள் துப்பாக்கிக்குத் தோட்டா தேடவும் அவனையே கூப்பிட்டார்கள். அப்போதாவது அந்த மனுஷன் வாயைத் திறந்து முடியாது என்று சொல்லியிருக்கலாம்.

துப்பாக்கி அர்பாபுடையது. லைசென்ஸ் உண்டு. உள்ளங்கையில் அடங்குகிற சின்ன செமி ஆட்டோமேட்டிக். அவீரில் இருக்கிற அவருடைய தோட்டத்தில் தெருநாய்கள் கூட்டமாக வந்து ஆட்டுக்குட்டிகளைக் கடித்துக் குதறின. ஒரு சாயங்காலம், விருந்தாளிகள் ஏழெட்டுப் பேர் காவாக் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது நாய் வந்தது. அர்பாப் ஜம்பமாக எழுந்து சுட்டார். முதல் குண்டு மண்ணில் போய் விழுந்தது. இரண்டாவது பாதி வழியில் மாட்டிக்கொண்டது. இழுத்துவிட்டு மறுபடி அமுக்கினால் 'டிக்' என்றது, அவ்வளவுதான். நாய் நின்று அவரை ஒருமுறை பார்த்துவிட்டு நிதானமாகப் போனது. விருந்தாளிகள் சிரித்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் ஆபீசுக்கு வந்ததும் வராததுமாக அர்பாப் ஆரம்பித்தார். அவர் பேசுவது பாதி ஹிந்தி, பாதி அரபி.

"கௌஸ், துப்பாக்கி நல்ல துப்பாக்கி. தோட்டாதான் ஹராமி. எனக்கு ஏமாத்தாத தோட்டா வேணும். நீ ஏலக்காயில் பூச்சி இருக்கான்னு மோந்து பார்த்தே சொல்றவன். இதையும் நீயே பார். யல்லா."

லைசென்ஸ் உள்ள கடைக்குப் போனார்கள். அர்பாப் ஏசி காரை விட்டுக் கையெழுத்துப் போட மட்டும் இறங்கினார். மற்றப் பேச்செல்லாம் கௌஸ் தலையில். கடையில் இருந்த பலஸ்தீனக்காரர் பழைய தோட்டாக்களைக் கொட்டிப் பார்த்ததும் உச்சுக்கொட்டினார். பித்தளையில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது.

"இதை எங்கே வச்சிருந்தீங்க? கார் டேஷ்போர்டிலா? கடல் காத்தும் வெயிலும் பட்டா எது நிக்கும்?" என்றார். பிறகு பொறுமையாகச் சொன்னார். சின்னத் துப்பாக்கிக்குத் தொண்டை சின்னது, பல் முளைக்கிற பிள்ளை மாதிரி. எதைக் கொடுத்தாலும் தின்னாது. குழி மூக்கும் தட்டை மூக்கும் வழியில் மாட்டிக்கொள்ளும். உருண்டை மூக்கு உள்ளதாக, செம்புத் தோல் முழுக்கப் போர்த்தியதாக வாங்க வேண்டும். அதிலும் எந்தக் கம்பெனி சரக்கு இந்தத் துப்பாக்கிக்கு ஒத்துக்கொள்ளும் என்பதைச் சுட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

கௌஸுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. சாம்பிள் பார்க்கிற வேலை! அதை அவன் இருபது வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறான். நாலு வகையில் ஒவ்வொரு பெட்டி எடுத்தான். தோட்டத்தில் ஒரு துணியை விரித்து, ஏலக்காய் தரம் பிரிக்கிற மாதிரி வரிசையாக வைத்தான். அர்பாப் காலித் தக்காளி டின்களைச் சுட்டார். கௌஸ் காதில் விரலை விட்டுக்கொண்டு நின்றான். முதல் வகை மாட்டியது. இரண்டாவதில் வேகமில்லை, காலிக் கூடு வெளியே விழாமல் வாயிலேயே தொங்கியது. மூன்றாவது நன்றாகத்தான் போனது, முடியப்போகிற நேரத்தில் ஒரு 'டிக்'. நாலாவது வகை மட்டும் தையல் மிஷின் ஓடுகிற மாதிரி ஒரு தடங்கலும் இல்லாமல் பெட்டி காலியாகும்வரை போனது. அர்பாப் கௌஸின் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தார். அதே வகையில் புதிதாக ஒரு பெட்டி வாங்கினார்கள்.

இதோடு முடிந்திருந்தால் கதையே இல்லை.

அர்பாப் மறுநாள் மஸ்கட் போக வேண்டியிருந்தது. வீட்டில் வைத்தால் பேரப்பிள்ளைகள் கையில் சிக்கும். காரில் வைத்தால் மறுபடி களிம்பு. "வெள்ளிக்கிழமை வரைக்கும் உன்கிட்ட இருக்கட்டும். ஈரம் படாம வை. கலாஸ்," என்று பெட்டியை அவன் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். சட்டப்படி அது தப்பு. கௌஸுக்கும் தெரியும். கஃபீலிடம் சட்டம் பேசிப் பிழைத்தவன் யார்?

அவன் குடியிருந்தது ஷார்ஜாவில், ரோலாவில், மூன்றாவது மாடி. மனைவி ஹபீபுன்னிசா ஊருக்குப் பேசும் போனில் மூழ்கியிருந்த நேரமாகப் பார்த்து, சமையல்கட்டில் கழுவிக் காயவைத்திருந்த ஒரு சின்ன நிடோ பால்பவுடர் டின்னை எடுத்தான். அடியில் பஞ்சு. செருப்புப் பெட்டிகளில் வருமே, ஈரத்தை உறிஞ்சுகிற சின்னப் பொட்டலங்கள், அதில் இரண்டு. நடுவில் தோட்டாக்கள். ஒன்றோடொன்று உரசிச் சத்தம் கேட்காதபடி சுற்றிலும் பஞ்சு, மேலே பஞ்சு. மூடியை அழுத்தி, பழுப்பு டேப்பை எடுத்து மூன்று சுற்றுச் சுற்றினான். கையில் தூக்கிப் பார்த்தான். பால்பவுடர் நிறைந்த டின் என்ன கனமோ அதே கனம். திருப்தியாகக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

கல்ஃபில் இருக்கிறவனுக்கு இதில் நடந்த தப்பை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அங்கே நம் ஆட்கள் ஒரு டின்னுக்கு டேப் சுற்றினால் அது ஊருக்குப் போகிற டின். நிடோவோ டேங் ஜூஸ்பவுடரோ தைலமோ, வழியில் மூடி திறந்து துணியில் கொட்டிவிடக் கூடாது என்று மூன்று சுற்று. கட்டிலுக்கு அடியில் இருப்பது ஊர்ச் சாமான். ஆறு மாதத்துக்கு முன்பே அங்கே ஒரு அட்டைப்பெட்டி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடும், கிடைத்ததெல்லாம் அதில் விழும். யாரும் யாரிடமும் கேட்க மாட்டார்கள். கௌஸ் முகம்மது எதையும் ஒளித்துவைக்கவில்லை. ஊருக்கு அனுப்புவதற்குத் தயாராக எடுத்துவைத்தான். அவன் கை பழக்கத்தில் செய்தது, மூளையிடம் கேட்கவில்லை.

அந்த வாரம் ஊருக்குப் போக இருந்தவன் ஜைத், ஹபீபுன்னிசாவின் தம்பி. ரோலாவிலேயே ஒரு மளிகைக் கடையில் வேலை. இருபத்தாறு வயது. புதிதாக விட்ட தாடி, சிரித்த முகம். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு நிக்காஹ். வெள்ளிக்கிழமை சாயங்காலம், அஸர் நேரத்துக்கு மெட்ராஸ் பிளேன்.

மனைவியிடம் கௌஸ் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தோட்டா என்று காதில் விழுந்தாலே அவள் ஆயத்துல் குர்ஸி ஓத ஆரம்பித்துவிடுவாள். அதற்கும் காரணம் இருந்தது. அந்த வருஷம் பிப்ரவரியில்தான் கோயம்புத்தூரில் குண்டுகள் வெடித்திருந்தன. அதற்கப்புறம் ஊருக்குப் போய்வருகிற தாடி வைத்த பையன்கள் ஏர்ப்போர்ட்டில் பட்ட பாட்டைக் கதைகதையாகச் சொன்னார்கள். எதிர் ஃபிளாட் சீதாராமன் கோயம்புத்தூர்க்காரர். ஒரு கம்பெனியில் எஞ்சினியர். அவர் மனைவி ஜெயலட்சுமி, ஆறு வயதில் அக்ஷய், ஒன்றரை வயதில் ரக்ஷிதா. கௌஸுக்குப் பிள்ளை இல்லை. அக்ஷய் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து ஹபீபுன்னிசாவின் மடியில் உட்கார்ந்து, தேங்காய்ப்பால் ஊற்றிக் கிண்டிய தொதல் தின்றுவிட்டுப் போவான். குண்டுவெடிப்பு பற்றி இரண்டு வீட்டிலும் யாரும் வாய் திறக்கவில்லை. தொதல் போய்க்கொண்டிருந்தது, ரசம் வந்துகொண்டிருந்தது. அதுவே போதும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்மா தொழுதுவிட்டு கௌஸ் வீட்டுக்கு வருவதற்குள் ஜைத் ரூம் நண்பர்களோடு வேனில் ஏர்ப்போர்ட்டுக்குக் கிளம்பிவிட்டான். தொப்பியைக் கழற்றும்போது போன் அடித்தது.

"கௌஸ், நான் வந்துட்டேன். சாமானை எடுத்துக்கிட்டு தோட்டத்துக்கு வா. இன்னைக்கு அந்த நாயை விடறதில்லை. ஜல்தி!"

கௌஸ் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தான். அட்டைப்பெட்டி இருந்த இடம் காலி. டின் இருந்த இடமும் காலி. கையை விட்டுத் துழாவினான். தூசிதான் வந்தது.

"ஹபீபா! கட்டிலுக்கு அடியில ஒரு நிடோ டின் இருந்துச்சே, டேப் சுத்தி?"

அவள் வாசலில் செருப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "அதா? ஜைத் பெட்டியில வச்சிட்டேன் மச்சான். ஊர்ல உங்க தங்கச்சி உம்மு சல்மா பிள்ளைக்குத்தானே வாங்கி வச்சிருந்தீங்க? நாளைக்கு இந்நேரம் பால் கரைச்சிக் குடுப்பா."

கௌஸ் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான். கண்ணுக்குள், பெட்டி மெட்ராஸில் எக்ஸ்ரே மிஷினுக்குள் போகிறது. பஞ்சுக்குள் வரிசையாகத் தோட்டாக்கள். பக்கத்தில் தாடியும் மருதாணிக் கையுமாகக் கல்யாண மாப்பிள்ளை. யார் வைத்தது என்று கேட்டால் அக்கா வைத்தாள் என்பான், என்ன வைத்தாள் என்றால் பால்பவுடர் என்பான். நம்புவார்களா? அந்த வருஷத்தில்?

"யா அல்லாஹ்! பெட்டி இன்னும் உள்ள போயிருக்காது. நான் ஏர்ப்போர்ட்டுக்குப் போறேன்!" என்று அங்கேயே, படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி அலறினான்.

"என்ன மச்சான், ஒரு டின்னுக்கா இந்த ஓட்டம்?" என்று அவள் கேட்டது மூன்று படி கீழேதான் காதில் விழுந்தது.

டாக்சியில் போகும்போது அவன் வாயில் வந்த துஆ எதுவும் முழுதாக வரவில்லை. பாதியில் பாதியில் நின்றது. டிரைவர் ஒரு பட்டாணிக்காரன். "கியா ஹுவா பாய்?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட்டான்.

ஜைத் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் இன்னும் நாலு டிராலி. கௌஸ் பாய்ந்து போய் அட்டைப்பெட்டியைத் தூக்கித் தரையில் வைத்து நைலான் கயிற்றை அறுக்க ஆரம்பித்தான். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எடை கூடிப்போய் அங்கே தினமும் நூறு பெட்டி அப்படி அவிழ்கிறது.

"மச்சான், என்ன செய்றீங்க? கட்டுறதுக்கு ரெண்டு பேரு மேல ஏறி உக்காந்தோம்!" என்றான் ஜைத்.

"அர்பாபோட சாமான் ஒண்ணு மாறி வந்துடுச்சு. நீ பேசாம நில்லு."

நிக்காஹ் சட்டைக்கும் பெண்ணுக்கு வாங்கிய சென்ட் டப்பாவுக்கும் நடுவில் டின் கிடைத்தது. மூன்று சுற்றுப் பழுப்பு டேப். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கக்கூசுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினான். நகத்தால் டேப்பைக் கிழித்தான். மூடியைத் திறந்தான். கம்பெனி ஒட்டிய வெள்ளித்தாள் கிழியாமல் அப்படியே இருந்தது.

நம்ப முடியவில்லை. சாவியால் தாளைக் குத்தினான். விரலை விட்டான். பால்பவுடர். அடி தட்டும்வரை விரலை இறக்கி நாலு பக்கமும் கிளறினான். பால்பவுடர்தான், வேறொன்றும் இல்லை. விரலை நக்கியும் பார்த்தான். இனித்தது. அந்தச் சின்ன அறைக்குள் நின்றுகொண்டு சிரித்தான், சிரித்துக்கொண்டே அழுதான்.

திறந்த டின் பிளேனுக்கு ஆகாது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, பெட்டியை மறுபடி கட்டி எடை போட்டு உள்ளே அனுப்பும்வரை கூடவே நின்றான். எமிகிரேஷன் வாசலில் ஜைத் அவன் கையைப் பிடித்தான்.

"துஆ செய்ங்க மச்சான். ஹபீபா லாத்தாவை அழுவ வேண்டாமுன்னு சொல்லுங்க. நிக்காஹ் முடிஞ்சதும் போன் அடிக்கிறேன்."

அவன் தலை மறையும்வரை கௌஸ் பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம்தான் புத்தி திரும்பியது. இது அவன் டின் இல்லையென்றால், அவன் டின் எங்கே? பொதுபோனில் காசைப் போட்டு வீட்டுக்கு அடித்தான்.

"ஹபீபா, கட்டிலுக்கு அடியில எத்தனை நிடோ டின் இருந்துச்சு?"

"ரெண்டு. ஒண்ணு நான் வாங்கினது. இன்னொண்ணு நீங்க வச்சது. நல்லதாப் போச்சுன்னு ஒண்ணை ஜெயாவுக்குக் குடுத்துட்டேன். காலையில பிள்ளைக்குப் பால்பவுடர் தீந்து போச்சாம், ஜும்மா முடிஞ்சுதானே கடை திறப்பான்."

"போ. இப்பவே போய் அதைத் திருப்பி வாங்கிட்டு வா."

"பிள்ளைக்குக் குடுத்ததையா? வெக்கம் கெட்டுப் போய் எப்படிக் கேப்பேன்? சரி, அக்ஷயும் இன்னைக்கு தொதல் திங்க வரலையேன்னு அப்பவே போய்த் தட்டினேன். உள்ள ஆள் இருக்கு, சத்தம் கேக்குது. கதவைத் திறக்கலை மச்சான்."

கௌஸ் போனை எப்போது வைத்தான் என்று அவனுக்கே நினைவில்லை. திரும்பிவரும் வழியில் மனசுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டான். ஜைத் தப்பித்தான், அது போதும். சீதாராமன் படித்தவர், ஆறு வருஷப் பழக்கம். நடந்ததை நடந்தபடி சொன்னால் சிரித்துவிடுவார். பால்பவுடர் டின்னையும் கொடுத்துவிட்டு அந்த டின்னை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

கதவைத் தட்டினான். சங்கிலி போட்டபடி ஒரு கண்ணளவு திறந்தது. சீதாராமனின் முகம் ஒருநாள் காய்ச்சலில் கிடந்த மாதிரி இருந்தது.

"சார், நான்தான். ஒரு டின்னு மாறிடுச்சு."

சங்கிலி விழுந்தது. உள்ளே சாப்பாட்டு மேஜையில் டின் திறந்திருந்தது. பக்கத்தில் பஞ்சு ஒரு குவியலாக, மேலே நாலைந்து தோட்டாக்கள் பளபளவென்று. படுக்கையறை வாசலில் ஜெயலட்சுமி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். அக்ஷய் கௌஸைப் பார்த்ததும் வழக்கம்போல ஓடிவர ஒரு அடி எடுத்துவைத்தான். அவள் அவன் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அவள் இழுத்தது கௌஸுக்கு நெஞ்சில் பட்டது.

"எதுக்குன்னு நான் கேக்கலை பாய்," என்றார் சீதாராமன். டின்னை அவன் பக்கம் தள்ளினார். "எடுத்துண்டு போங்கோ. எங்களை விட்டுடுங்கோ."

"சார், இது என் கஃபீலோடது. நாய் சுடுறதுக்கு. லைசென்ஸ் இருக்கு சார்!"

"நாய் சுடுறதுக்கா?" அவர் சிரிக்கவில்லை. "பால்பவுடர் டின்லயா? டேப் சுத்தியா?"

கௌஸுக்கு வேறு வழி தெரியவில்லை. மேஜையிலிருந்த போனை எடுத்து அர்பாபின் நம்பரை அடித்து சீதாராமன் காதில் வைத்தான். மறுமுனையில் அர்பாப் கத்தியது அறை முழுக்கக் கேட்டது. கௌஸ் எங்கே, என் தோட்டா எங்கே, நாய் வந்து நிற்கிறது, லைசென்ஸ் என் பையில் இருக்கிறது வந்து பார், நீ யார் என்னைக் கேட்க, முக் மாஃபி, இந்த இந்தியாக்காரர்களில் ஒருத்தனுக்கும் மூளை இல்லை. சீதாராமன் ரிசீவரை மெல்லக் கீழே வைத்தார். அவர் முகத்தில் பயம் போய்விட்டது. அந்த இடத்துக்கு வந்தது அதைவிட மோசமாக இருந்தது. நாற்காலியைத் துழாவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"பாய், மத்தியானம் நீங்க படிக்கட்டுல பேசினது எனக்குக் கேட்டது. இன்னொரு டின் ஜைத் பெட்டியில போயிருக்குன்னு உங்காத்துல சொன்னா. நீங்க பெட்டி உள்ள போயிருக்காதுன்னு ஓடினேள். எங்களுக்கு வந்த டின்னுல இது இருக்கு. அப்ப அந்த டின்னுல என்ன இருக்கும்னு நான் நினைப்பேன்? அந்தப் பிளேன்ல இருநூறு பேர். அது இறங்கற ஊர்..." அவர் நிறுத்தினார். "பிப்ரவரியில எங்க சித்தப்பா கடை இருந்த தெருவை நான் போய்ப் பார்த்துட்டு வந்தவன். உங்ககிட்ட அதை நான் சொன்னதில்லை."

"நீங்க என்ன செஞ்சீங்க சார்?"

"மெட்ராஸ்ல என் அண்ணாவுக்குப் போன் பண்ணிட்டேன். ஸ்ரீனிவாசன்னு, கவர்மென்ட்ல இருக்கார். மேலிடத்துல ஆளைத் தெரியும். ஜைத் பேரு, பிளேன், தாடி, எல்லாம் சொல்லிட்டேன்."

கௌஸ் தன் கையாலேயே டின்னில் விரல்விட்டு அடிவரை துழாவிப் பார்த்து, சுத்தமான பெட்டியோடு, சிரித்த முகத்தோடு தான் வழியனுப்பிவைத்த பையன். அந்தப் பெட்டியில் இப்போது ஒரு பால்பவுடர் டின்கூட இல்லை.

"திருப்பிப் பேசுங்க. தப்புன்னு சொல்லுங்க. சார், ஞாயித்துக்கிழமை அவனுக்கு நிக்காஹ். சொல்லுங்க சார்!"

சீதாராமன் சொல்வதற்கு முன்பே நம்பரை அழுத்த ஆரம்பித்திருந்தார். மூன்றாவது தடவை லைன் கிடைத்தது. கௌஸுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கர் பட்டனை அமுக்கினார். நடந்ததை எல்லாம் சொன்னார். டின் மாறியதை, கஃபீலை, நாயை. மறுமுனையில் ஸ்ரீனிவாசன் குறுக்கிட்டார்.

"சீதா, நீ சொன்னதை நான் மேல சொல்லி ரெண்டு மணி நேரத்துக்கு மேலாச்சு. இப்ப அது நாலு பேர் மேஜை தாண்டிப் போயாச்சு. வாபஸ் வாங்கற சமாசாரமா இது?"

"பெட்டியில ஒண்ணும் இல்லைன்னா விட்டுடுவா இல்லையா அண்ணா?"

"ஒண்ணும் இல்லைன்னா, எங்க மாத்தினே, யார்கிட்ட குடுத்தேன்னு கேப்பா. ஏர்ப்போர்ட்ல கடைசி நிமிஷத்துல ஒருத்தன் ஓடிவந்து பெட்டியைப் பிரிச்சு டின்னை எடுத்துண்டு போனான்னு அந்தப் பையனே சொல்லுவானே. அதை என்னன்னு எடுத்துப்பா? இன்னிக்கு இருக்கற நிலைமை உனக்குத் தெரியாதா? நீ இதுல இனிமே வாயைத் திறக்காதே. உனக்கும் குழந்தைகள் இருக்கு. போனை வை."

சீதாராமன் வைக்கவில்லை. அண்ணாதான் வைத்தார். ஸ்பீக்கரில் டூ டூ என்ற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"அறிவு கெட்டவன் நான்," என்றார் சீதாராமன். "எதிர் வீடு. நாலடி. வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அவரைத் திட்ட வேண்டும் என்று கௌஸுக்கு வந்தது. வாய்வரைக்கும் வந்தது. ஆனால் நாலடியில் படுத்துக் கிடந்த தன் பெண்டாட்டியிடமே அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ரக்ஷிதா அழ ஆரம்பித்தாள். காலையிலிருந்து அரைவயிறு. டின்னைத் திறந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் கதவைத் தாண்டவில்லை, கடைக்குப் போகவில்லை. அப்போதுதான் தன் கக்கத்தில் பால்பவுடர் டின் இன்னும் இருப்பது கௌஸுக்குத் தெரிந்தது. அதை நீட்டினான். ஜெயலட்சுமி குழந்தையைக் கணவனிடம் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். மூடியைத் திறந்தாள். கிழிந்த வெள்ளித்தாளைப் பார்த்தாள், கௌஸைப் பார்த்தாள். ஒரு நீளக் கரண்டியை எடுத்து, அடி தட்டும்வரை இறக்கி, நாலு பக்கமும் கிளறினாள். அதற்கப்புறம்தான் தண்ணீர் சுடவைத்தாள்.

கௌஸுக்குக் கோபம் வரவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் அதே டின்னில் அவனும் அதையேதான் செய்திருந்தான். ஆனால் அழுகை வந்தது. எவ்வளவு அடக்கியும் நிற்கவில்லை.

திறந்து கிடந்த கதவு வழியாக ஹபீபுன்னிசா வந்து நின்றாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, முகமெல்லாம் சிரிப்பாக. மேஜையில் இருந்தது அவள் கண்ணில் இன்னும் படவில்லை.

"இங்கயா இருக்கீங்க? மச்சான், மண்ணடியில இருந்து மாமா போன்ல இருக்காங்க. மாலை, ரோஜாப்பூ எல்லாம் வாங்கிட்டு பத்துப் பேரு வேன் பிடிச்சு மீனம்பாக்கம் கிளம்பிட்டாங்களாம். மாப்பிள்ளை எத்தனை மணிக்கு வெளிய வருவான்னு கேக்குறாங்க. என்ன சொல்ல?"

சீதாராமன் தலையைக் குனிந்துகொண்டார். அடுப்பில் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தது. யார் எதைக் கேட்டாலும் ஒரு பதில் வைத்திருக்கிற கௌஸ் முகம்மது, மேஜையில் இருந்தது அவளுக்குத் தெரியாதபடி குறுக்கே வந்து நின்றான். அவள் இன்னொருமுறை கேட்டாள்.